கருகல் வாடையைக் கேட்டறிந்தவள்

களக்காட்டில் ஒரு வீட்டில் துணி சோப்பைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. பேட்டி நடக்கும்போது செல்போனைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுவிடுவது எங்கள் வேலையில் கட்டாயம். அந்த வீட்டு அம்மா வெளுப்பு, நுரை, கை எரிச்சல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, குடிக்க மோரும் கொடுத்து அனுப்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே போனை எடுத்தேன். மெர்சியின் கணவர் தங்கராஜ் அண்ணன் பலமுறை கூப்பிட்டிருந்தார். திரும்ப அழைத்தேன். "கோமதி, மெர்சி போயிட்டா" என்றார். கேள்வி கேட்டே பிழைக்கிறவள் நான். எப்போது, எப்படி என்று கேட்காமலே போனை வைத்துவிட்டேன். களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டை வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இதை வாசிக்கப் போகிறவர்களில் பலர் மெர்சியோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவளும் நானும் ஒரு நுகர்வோர் ஆய்வு நிறுவனத்துக்காகத் திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் பேட்டி எடுப்பவர்கள். சோப்பு, தேயிலை, சாம்பார்ப் பொடி, கொசுவத்தி, எது புதிதாக வந்தாலும் வாங்குகிறவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுச் சென்னைக்கு அனுப்புவோம். அவள் பாளையங்கோட்டைக்காரி, மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். நான் திருநெல்வேலி டவுண்காரி. இரண்டு பேருக்கும் ஒரே வயது. வேலைக்குச் சேர்ந்த வாரமே எங்களை ஜோடியாகப் போட்டார்கள். அதன் பிறகு பிரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மெர்சிக்கு நாயென்றால் உயிர் போய்விடும். எந்த வீட்டுக்குப் போனாலும், வணக்கம் சொல்வதற்கு முன்னால் "நாயைக் கட்டியிருக்கீங்களா?" என்றுதான் கேட்பாள். கட்டவில்லை என்றால் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றே பாதிப் பேட்டியை முடித்துவிடுவாள். கோபக்காரியும்கூட. நிறுத்தத்தில் நிற்காமல் போன டவுண் பஸ்ஸின் நடத்துனரை மறுநாள் தேடிப் பிடித்துச் சண்டை போட்டவள். ஆனால் பேட்டி தொடங்கிவிட்டால் வேறு ஆள். கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். எதிரில் இருப்பவர் பதில் சொல்லி முடித்த பிறகும் அடுத்த கேள்விக்குப் போகமாட்டாள். "பதில் சொன்ன பெறவும் மனுசங்ககிட்ட கொஞ்சம் மிச்சம் கிடக்கும் கோமு. பைய இரு, அதுவா வரும்" என்பாள். பெரும்பாலும் வந்தது.

எங்களுக்குக் கடைசியாகச் சேர்ந்து கிடைத்த பெரிய வேலை, மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துப் பொரிக்கிற பாப்கார்ன் பாக்கெட் பற்றிய ஆய்வு. அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு ஓயாமல் புகார் வந்துகொண்டிருந்தது. பாக்கெட்டைப் பொரித்து எடுத்தால் அடியில் கொஞ்சம் மணிகள் பொரியாமல் கல்லாகக் கிடக்கின்றன. அவையும் பொரியட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் விட்டால், ஏற்கெனவே பொரிந்தவை கருகிப்போகின்றன. அந்த அடுப்பு உள்ள வீடுகளாகப் பார்த்து நாங்கள் பாக்கெட்டைக் கொடுக்க வேண்டும். அவர்களே எங்கள் முன்னால் பொரிக்க வேண்டும். ஒருத்தி அடுப்பருகே நின்று நடப்பதைக் குறித்துக்கொள்வாள், மற்றவள் வீட்டாரோடு பேசுவாள். கருகல் வாடை எப்படி என்றும் ஒரு கேள்வி உண்டு. கொஞ்சம், மிதம், அதிகம் என்று மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும்.

மெர்சிக்கு அது போதவில்லை. அந்தக் கேள்விக்கு வந்ததும் நின்றுவிடுவாள். பெருமாள்புரத்தில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், "அதிகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள்.

"அதிகம்னா எதைப் போல?" என்றாள் மெர்சி.

அந்தப் பெண் சிரித்தாள். மெர்சி சிரிக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு யோசித்தாள். "கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்ச பெறகு பின்பக்கம் போயிருக்கீங்களா? அடிப்பிடிச்ச பாயசச் சட்டியில தண்ணி ஊத்திப் போட்டிருப்பாங்கள்ல. அங்கன நிக்கும்போது வருமே, அது மாதிரி."

"இனிப்பு இருக்குமா அதுல?"

"இருக்கும். ஆனா கெட்டுப்போன இனிப்பு."

மெர்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இப்படியே ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது. இஸ்திரிப் பெட்டி பட்ட நைலான் சேலையைப் போல என்றார் ஒருவர். மத்தாப்புக் கம்பியைத் தண்ணீரில் முக்கியதும் வருவதைப் போல என்றார் இன்னொருவர். நாங்கள் அனுப்பிய ஒலிப்பதிவுகளைக் கேட்ட சென்னை அலுவலகம், எல்லா ஊரிலும் இப்படியே கேளுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லி அனுப்பியது. அது அவளுடைய சாமர்த்தியம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என்.ஜி.ஓ. காலனியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். மனைவி இறந்து தனியாக இருந்தார். அடுப்பை வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கிக் கொடுத்திருந்தான். பாக்கெட்டை வைத்தார். பொரிகிற சத்தம் நின்று வெகுநேரமாகியும் அவர் அடுப்பை நிறுத்தவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். மெர்சி கையைக் காட்டித் தடுத்தாள். புகை வந்த பிறகுதான் கதவைத் திறந்தார்.

"சீக்கிரமா நிறுத்தியிருந்தா கருகியிருக்காதே சார்" என்றாள் மெர்சி.

"தெரியும்மா. பாக்கெட்டுலயே போட்டிருக்கானே."

அவள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அவர் கருகிய பொரி ஒன்றை விரலால் நசுக்கிக்கொண்டே பேசினார். "என் வீட்டுக்காரி அடுப்புல எதையாவது வச்சிட்டு டிவி பாக்கப் போயிருவா. தினம் ஏதாவது ஒண்ணு தீயும். நான் சத்தம் போடுவேன். இப்ப சாப்பாடு மெஸ்ஸுல இருந்து வருது. வீட்டுல ஒரு வாடையும் கிடையாது. இது தீஞ்சா, கொஞ்ச நேரம் அவ உள்ள நிக்குத மாதிரி இருக்கு."

வெளியே வந்து தெருவில் நின்றபடியே மெர்சி சென்னைக்குப் போன் செய்தாள். "இவரு கருகினாத்தான் வேணும்னு சொல்லுதாரு. இதை எதுல சேக்க?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் இருந்தவர், அவரை விட்டுவிடுங்கள், அதற்குப் பதிலாக வேறு வீடு பாருங்கள் என்றார். சென்னைக்காரர் மேல் குற்றமில்லை, அவரிடம் இருந்த பதில் பட்டியலில் அதற்கு இடமில்லை. மெர்சி போனை வைத்துவிட்டு, "ஏட்டி, இவரு சொன்னது எங்க போவும்?" என்று கேட்டாள். "எங்கயும் போவாது" என்றேன்.

மேலப்பாளையத்தில் ரஹ்மத் அக்கா என்பவரின் வீட்டுக்குப் போன அன்றுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்கு அடுப்பருகே நிற்பது மெர்சியின் முறை. பாக்கெட்டை அடுப்பில் வைத்துவிட்டு வந்த ரஹ்மத் அக்காவும் நானும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். துபாயில் இருக்கும் மகனைப் பற்றிப் பேச்சுப் போய்விட்டது. திடீரென்று அக்கா பேச்சை நிறுத்தி மூக்கைச் சுளித்தார். அடுத்த நொடி எழுந்து உள்ளே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அடுப்புக் கதவோரமாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டி, சன்னலோரமாக நின்று மெர்சி எழுதிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், என்ன என்பதைப் போலத் தலையை உயர்த்தினாள்.

"என்னம்மா, இப்படித் தீயுது, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டுக்கொண்டே ரஹ்மத் அக்கா சுவிட்சை அணைத்தார். பாக்கெட் ஓரத்தில் கனன்றுகொண்டிருந்தது. மெர்சி திரும்பி அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. நாயைக் கண்டு பயப்படுகிற பயம் எனக்குத் தெரியும், இது அது இல்லை. "மன்னிச்சுக்கிடுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

மீதிப் பாக்கெட்டுகளை ஒப்படைக்கத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போக வேண்டியிருந்தது. பேருந்து கொக்கிரகுளத்தில் ஆற்றுப் பாலத்தின்மேல் ஏறியது.

"கோமு, இப்ப ஆத்து வாடை வருதா?" என்றாள்.

"வருது."

"எப்படி வருது? பாசியும் சவுக்காரமும் சேந்தா?"

"ஆமா. ஏன் கேக்கே?"

"எனக்கு வரல. எதுவுமே வரல. ஷைனி கல்யாணத்துக்கு முன்னாலயே போயிட்டு."

ஷைனி அவள் மகள். ஒரே பிள்ளை. அந்தக் கல்யாணத்தில் மண்டபம் முழுக்க மல்லிகையும் ரோஜாவுமாக இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. மெர்சி சொல்லிக்கொண்டே போனாள். முதலில் சளி என்று நினைத்தாளாம். பிறகு கொரோனா வந்து போயிருக்கும், அதனால்தான் என்று நினைத்தாளாம். அப்படி வாசனை போனவர்கள் எத்தனையோ பேர், எல்லோருக்கும் திரும்பி வந்தது, உனக்கும் வரும் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஒரு டாக்டர் மூக்கில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்ட்டி என்கிட்ட சொல்லல?"

"சோப்பையும் டீத்தூளையும் மோந்து பாக்குத வேலைட்டி நமக்கு. மூக்கு இல்லன்னு சொன்னா யாரு வச்சிக்கிடுவா?" சன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "அவங்க சொல்லுதப்ப எனக்கு லேசா தெரியுத மாதிரி இருக்கும். அதுக்குத்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வாசனை வராது" என்றாள்.

அந்த ஆய்வு முடிந்தது. நாங்கள் ஊர் ஊராகச் சேகரித்து அனுப்பியதெல்லாம் என்ன ஆனது என்று எங்களுக்கு எப்போதும் சொல்வதில்லை. சில மாதம் கழித்துக் கடையில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தேன். பின்பக்கத்தில், பொரியும் வரை அருகிலேயே இருக்கவும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. மெர்சிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அதைப் படிக்கத் தனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று பதில் அனுப்பினாள். கண்ணாடியை மாற்ற வேண்டும்போல என்றும் எழுதியிருந்தாள்.

கண்ணாடியை மாற்றியும் சரியாகவில்லை. நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாமல் சாலையில் இறங்கினாள். காலையில் எழும்போதே தலைவலி. கண் மருத்துவர் பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு இல்லை, தலையைப் படம் எடுங்கள் என்றார். மூக்குக்கு மேலே, நெற்றிக்கு உள்ளே கட்டி இருந்தது. வாசனையை உணரும் நரம்பருகே தொடங்கி, பார்வை நரம்பை நெருக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. மதுரையில் காட்டச் சொன்னார்கள். தங்கராஜ் அண்ணனோடு நானும் போனேன். மதுரை மருத்துவர் நிதானமானவர். மெதுவாக வளர்கிற கட்டி இது, பல வருடமாக இருந்திருக்க வேண்டும் என்றார். வாசனை தெரியாமல் போனபோதே படம் எடுத்துப் பார்த்திருந்தால் சின்னதாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மெர்சி ஒன்றுதான் கேட்டாள். "ஆபரேசனுக்கு அப்புறம் வாசனை வருமா டாக்டர்?"

"பார்வையைக் காப்பாற்ற முயற்சி செய்வோம். வாசனை திரும்பாதும்மா" என்றார்.

அப்போது ஷைனி தலைப்பிரசவத்துக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு பிரசவம் ஆனது. பெண் குழந்தை. குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பார்க்கப் போனேன். மெர்சி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் கிடந்தது. குனிந்து அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

"ஏட்டி கோமு, இங்கன வா. மோந்து பாரு" என்றாள்.

உட்கார்ந்து முகர்ந்து பார்த்தேன்.

"சொல்லு."

"பால் வாடை" என்றேன்.

"அது எல்லாரும் சொல்லுதது. கொஞ்சம், மிதம்னு சொல்லுத மாதிரி. எதைப் போல இருக்கு?"

மறுபடியும் குனிந்தேன். இளஞ்சூடாக ஒன்று மூக்குக்குள் வந்தது. எனக்கு அது என்னவென்று நன்றாகத் தெரிந்தது, பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சொல் வரவில்லை. "வெயில்ல காஞ்ச துணி மாதிரி" என்று சொன்னேன்.

"நீ சும்மா சொல்லுத" என்றாள்.

சரிதான், சும்மாதான் சொன்னேன். அவள் காத்திருந்தாள். எத்தனையோ வீட்டுக் கூடங்களில் எத்தனையோ பேருக்கு எதிரே அவள் அப்படிக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்று அவளுக்கு எதிரே நான் இருந்தேன். அவர்களுக்கெல்லாம் வந்தது எனக்கு வரவில்லை. வாசலில் நின்ற ஷைனி அழுதுகொண்டே அடுக்களைக்குப் போய்விட்டாள்.

"சரி விடு. ஆபரேசன் முடிஞ்சு வந்து நானே பாத்துக்கிடுதேன்" என்றாள் மெர்சி. வாசனை திரும்பாது என்று மருத்துவர் சொன்னதை நானும் கேட்டேன், அவளும் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

மதுரையிலிருந்து வீட்டுக்கு வந்தவள் பழைய மெர்சி இல்லை. கட்டியை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டதாகவும் சொன்னார்கள். கண் திறந்திருக்கும். யாராவது பேசினால் அந்தப் பக்கம் பார்ப்பாள். போகப்போக எங்கள் பெயர்கள் அவளிடமிருந்து கழன்றுவிட்டன. அவள் எதையும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. தங்கராஜ் அண்ணன் அதிகம் பேசாத மனிதர். கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் பேச்சையெல்லாம் அவளிடமே விட்டிருந்தவர். அவர் இப்போது கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். தண்ணி வேணுமா, திருப்பிப் படுக்க வைக்கட்டா, சன்னலைச் சாத்தட்டா என்று கேட்பார். ஒவ்வொன்றுக்கும் பதில் வருமோ என்று கொஞ்சம் காத்திருந்து அடுத்ததைக் கேட்பார். ஜெபிக்க வந்த சபையார், தேவன் எழுப்பிவிடுவார் என்றார்கள். அவர் மறுக்கவில்லை. அவர்கள் போன பிறகு என்னிடம், "எழுப்பி என்ன செய்ய, கோமதி? அவ எங்கன இருக்கான்னே தெரியலையே" என்றார்.

ஒரு காய்ச்சல் வந்தது. அது நெஞ்சில் இறங்கியது. அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கோவில்பட்டியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் நம் ஆட்கள் வந்திருந்தார்கள். வேலையை விட்டுப்போய் எத்தனையோ காலமானவர்கள்கூட வந்திருந்தார்கள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் வழக்கப்படி யாரோ சென்ட் பாட்டிலைத் திறந்து அவள் மேல் தெளித்தார்கள். "அவளுக்கு எதுக்கு அது" என்று தங்கராஜ் அண்ணன் மெல்லச் சொன்னார். தெளித்தவர் காதில் அது விழவில்லை. அந்த வாடை என் சேலையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தது.

நம் ஆட்கள் அவளைப் பற்றி எழுதச் சொன்னபோது, ஆறுதலாக ஏதாவது சொல்லி முடிக்க வேண்டும் என்று நானும் நினைத்தேன். பரலோகத்தில் அவளுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும் என்று பாளையங்கோட்டைச் சபை அக்காமார் சொல்கிறார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. என்னிடம் அது இல்லை. இப்போது எனக்கு ஜோடியாக வேறு ஒருத்தியைப் போட்டிருக்கிறார்கள். நல்ல பெண். கேள்விகளைச் சட்டென்று முடித்துவிடுகிறாள். நானும் சட்டென்று முடித்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மெர்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ஷைனி குழந்தையை என் மடியில் விட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனாள். குழந்தை இப்போது தவழ்கிறாள். யாருமில்லாத நேரம் பார்த்து அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து முகர்ந்தேன். மெர்சிக்குச் சொல்ல முடியாமல் போன சொல்லை இந்தத் தடவையாவது பிடித்துவிட வேண்டும் என்றுதான் குனிந்தேன். தேங்காய் எண்ணெயும் பவுடரும் மணத்தன. அன்றைக்கு இருந்தது இல்லை. பிறந்த சில வாரங்களோடு அது போய்விடும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. இரண்டு மூன்று தடவை முகர்ந்து பார்த்துவிட்டேன். குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

மெர்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது "எதைப் போல இருக்கு?" என்று அவள் கேட்டது ஒன்றுதான். அதற்கு இனி நான் பதில் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்தாலும் சொல்வதற்கு ஆள் இல்லை.